மூன்றாவது சொல்

அவளுடைய கையெழுத்துகூட என்னுடையதைவிட அழகாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நான் அவளைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தைகளையெல்லாம் ஒரு நல்ல மனுஷியின் வாயிலிருந்து வருவதாக நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே துறையில், ஒரே அறையில் எதிரெதிர் மேசைகளில் இருந்தோம். செய்மதிப் படங்களைப் படிப்பது எங்கள் தொழில். வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து இது வயல், இது குளம், இது மழை மேகம் என்று பிரித்துச் சொல்வது. நான் அவளைவிட மூன்று வயது மூத்தவள். கலாநிதிப் பட்டத்தை முடித்து வேலையில் நிரந்தரமாகிவிட்டவள். அவள் இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்த விரிவுரையாளர். அதனால் என்னை ராத்தா என்று கூப்பிட்டாள். கூடப்பிறந்த தங்கை இல்லாத எனக்கு அந்த ஒரு சொல்லில் நெஞ்சு இளகும். அடுத்த நிமிடமே அவள் எதையாவது என்னைவிட நன்றாகச் செய்துவிடுவாள். இளகினது அப்படியே இறுகிப்போகும்.

அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. எந்தக் கூட்டமானாலும், எவ்வளவு பெரிய ஆட்கள் இருந்தாலும், கடைசியில் கையைத் தூக்கி அதைக் கேட்பாள்.

"எல்லாம் சரி சேர். இது கீழ நிக்கிற ஆளுக்கு எப்ப தெரிய வரும்?"

ஒருமுறை வளாகத்தில் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தப்போவதாக ஓர் அறிவித்தல் தட்டச்சாகி, அலுவலக நடைபாதையில் ஒட்டப்பட்டது. கூட்டித் துடைக்கிற பெண்கள் காலையில் வந்து வாளியோடு வெறுங்குழாயைத் திருகிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் அந்த நடைபாதைக்கு வருவதேயில்லை. இவள் ஒரு மட்டையில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, குழாயின் கழுத்திலேயே கட்டிவிட்டாள். அந்த அழகான கையெழுத்தில். துறையில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், அன்பாகத்தான். நான் சிரிக்கவில்லை. நடைபாதையில் ஒட்டிய அறிவித்தலை எழுதியது நான்.

ஆய்வு யோசனை ஒன்று கிடைத்தால் நாங்களெல்லாம் கோழி குஞ்சை மூடுகிறதுபோல அதைப் பொத்தி வைப்போம். இவள் கன்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டே எதிரில் இருப்பவர் யாராயிருந்தாலும் முழுவதையும் சொல்லிவிடுவாள். "எடுத்துச் செய்யட்டுமே, ராத்தா. ஆரு செஞ்சா என்ன?" என்பாள். ஒருமுறை அவளுடைய யோசனை ஒன்றை எடுத்துச் செய்யத்தான் பார்த்தேன். நான்கு மாதம் முயன்றும் வரவில்லை. களவெடுக்கக்கூட எனக்குத் திறமை போதவில்லை என்ற எரிச்சல் வேறு.

அவளுடைய வாப்பா சாய்ந்தமருதில் கரைவலைக்காரர். வலையை இழுக்கிறவர் அல்ல, பார்க்கிறவர். கரையில் மரத்தால் கட்டிய ஒரு பரணில் ஏறி நின்றுகொண்டு, கடலின் நிறம் எங்கே கறுக்கிறது, மீன் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்ப்பார். கண்டதும் தோளில் கிடக்கும் சிவப்புச் சீலையை எடுத்து ஆட்டுவார். வலது பக்கம் ஆட்டினால் தோணியை வலதுக்கு விடவேண்டும். தலைக்கு மேலே சுழற்றினால் மீன் நிறைய, எல்லோரும் ஓடிவா என்று அர்த்தம். கீழே நிற்பவர்களுக்கு அவர் குரல் கேட்காது. சீலைதான் பேசும்.

சுனாமி வந்த காலையில் அவர் பரணில் நின்றார். இதை அவள் ஒரே ஒரு தடவைதான் எனக்குச் சொன்னாள். வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். நிந்தவூர் தாண்டியிருக்கும்.

"தூரத்தில கறுப்பா ஒரு கோடு வந்திரிக்கி, ராத்தா. வாப்பா கண்டிட்டார். ஓடுங்க எண்டு சொல்ல எங்கட சீலையில ஒரு சைகை இல்ல. தலைக்கு மேல சுத்துசுத்தெண்டு சுத்தியிருக்கார். கீழ நிண்டவங்களுக்கு அது மீன். சந்தோசமாத் தோணியத் தள்ளிக்கிட்டுப் போயிருக்காங்க."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மீதியைச் சொன்னாள்.

"வாப்பா பரணில நிண்டிருந்தாத் தப்பியிருப்பாராம். எறங்கி அவங்களப் புடிக்க ஓடினாராம். தப்பி வந்த ஒரு ஆள் சொன்னார்."

பஸ் சாய்ந்தமருதில் நின்றது. அவள் அபாயாவைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் கடலுக்குத் தள்ளி, வரிப்பத்தான்சேனையில் பிறந்தவள். எங்கள் ஊர் வயலுக்குக் கடல் வரவில்லை. எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இறைவனுக்கு நன்றி, என்று சொல்லவேண்டிய இடம் அது. நானோ மீதி வழியெல்லாம், இவளுக்கு ஆராய்ச்சி செய்ய இப்படியொரு காரணம் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஒருத்தியின் வாப்பா இறந்த மையத்து வீட்டைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் ஒலுவில் துறைமுகத்துப் படகுக்காரர்களுக்கு ஒரு கருவி செய்தாள். சவர்க்காரக் கட்டி அளவு இருக்கும். செய்மதியில் காற்றும் மேகமும் எப்படி இருக்கிறது என்று அவளுடைய கணினி பார்க்கும். பார்த்ததை மூன்று சொல்லாகச் சுருக்கும். ஆழ்கடலில், போன் வேலை செய்யாத இடத்தில், அந்தக் கருவி அந்த மூன்றில் ஒன்றைப் பேசும். போகலாம். பொறு. திரும்பு. அவ்வளவுதான். படமில்லை, எண்ணில்லை.

முதலில் தன் குரலிலேயே பதிந்து கொடுத்தாள். எல்லோரும் காக்கா, அண்ணன், என்று கூப்பிடும் மூத்த படகுக்காரர் ஒருவர் வாடைக் காற்று ஏறிய நாளிலும் திரும்பாமல் நின்று, வலையைப் பறிகொடுத்துவிட்டு வந்தார்.

"பொம்புளப் புள்ள ஒண்டு திரும்பெண்டாப்போல நான் வெறுங்கையோட கரைக்கு வாறதா, மிஸ்?"

"அப்ப ஆரு சொன்னாக் காக்கா திரும்புவீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "அவர்ர உம்மா சொன்னாத் திரும்புவார்" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். இவள் அன்றைக்கே அந்த உம்மாவைத் தேடிப் போய்விட்டாள். வெற்றிலை மென்றுகொண்டிருந்த அந்த மனுஷியின் வாய்க்கு நேரே கருவியைப் பிடித்து மூன்றாவது சொல்லைப் பதிந்தாள். "திரும்பு மகன்." அதற்குப் பிறகு அந்தத் துறைமுகத்தில் ஒரு படகுகூட அந்தச் சொல்லை மீறவில்லை. மற்றவர்களும் தங்கள் தங்கள் உம்மாமாரைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள்.

நான் அதே காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து வாய்க்கால்களில் தண்ணீர் எப்போது எவ்வளவு வரும் என்று ஆய்வு செய்து முடித்திருந்தேன். தலையணை அளவில் ஓர் அறிக்கை. பரிசு கூடக் கிடைத்தது. எங்கள் வயற்கண்டத்து வட்டவிதானை, வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர், வாப்பாவின் வயதுடையவர், ஒரு கல்யாண வீட்டில் என்னைக் கண்டு கிட்ட வந்தார்.

"மகள், ஒலுவில்ல ஒரு புள்ள மீன்காரனுக்கெல்லாம் ஒரு சாமான் செஞ்சு குடுத்திரிக்காமே. தெரியுமா?"

"ஓம், தெரியும்."

"அதப்போல எங்களுக்கும் ஒண்டு செஞ்சு தரச் சொல்லிக் கேட்டுப் பாரன்."

நான் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

இப்போது அவள் பல்கலைக்கழகத்தில் இல்லை. தள்ளி, உட்கிராமம் ஒன்றின் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறாள். படகுக் கருவிகளும் பேச்சை நிறுத்திவிட்டன. செய்மதி இணைப்புக்கு இருந்த சிறிய நிதியுதவி முடிந்துபோனது. ஒவ்வொரு நாளும் விடிகாலையில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, கடலுக்கு இறங்கப்போகும் படகுக்காரர்களுக்கு அவளே போன் எடுத்துக் காற்றைச் சொல்கிறாளாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. துறைத் தலைவி நான். அவள் இருந்திருந்தால் இந்த நாற்காலியில் அவள்தான் இருந்திருப்பாள், இதில் எனக்குச் சந்தேகமில்லை. அது எப்படி என்னிடம் வந்தது என்பதைச் சொல்லாமல் அவளைச் சொன்னதாக ஆகாது.

படகுக் கருவியைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையைப் பார்த்து ஒரு கடிதம் வந்தது. பெரிய நாடு ஒன்றின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியம். அவர்களிடம் செய்மதிகள் இருந்தன, புலனாய்வு இருந்தது, ஒரு மலைக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் தலைநகரத்தில் தெரிந்தது காட்டில் நடந்துபோகும் சிப்பாய்க்குப் போய்ச்சேர மணிக்கணக்கு ஆனது. சேர்ந்தாலும் அவனுக்கு அது விளங்கவில்லை. மூன்று சொல்லில் சுருக்குகிற உங்கள் வழி எங்களுக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆய்வுகூடம் தருகிறோம். உங்கள் கலாநிதிப் பட்டத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். கருவி முடிந்ததும் படகுக்காரர்களுக்கும் பாவிக்கலாம், அதற்கும் காசு தருகிறோம்.

அவளுக்குக் காலக்கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. குறித்த வருடங்களுக்குள் பட்டம் இல்லாவிட்டால் வேலை போய்விடும். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என் மேசைக்குத்தான் வந்தாள்.

"ராத்தா, நீங்களும் வாங்க. ஒங்கட பேரையும் போடுவம். ரெண்டாவதா."

ரெண்டாவதா. அவள் அதை எவ்வளவு ஆசையோடு சொன்னாள் என்பது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. எனக்கு அந்த ஒரு சொல் மட்டும்தான் அன்றைக்குக் கேட்டது.

"ஆமிக்காரன்ட காசு, புள்ள" என்றேன்.

"ஓம். நானும் யோசிச்சன். ஆனா இப்பிடிப் பாருங்களன். முன்னுக்கு இரிக்கிறது ஆக்கள் இரிக்கிற ஊடா, பதுங்குற பங்கரா எண்டு மேல ஒருத்தனுக்குத் தெரியும். துவக்கோட நிக்கிறவனுக்குத் தெரியா. தெரியாதவன்தான் பயந்து சுடுறான். எங்கட ஊருகள்ள நாம பாக்காததா? அவனுக்கும் தெரிய வந்தா ஒரு ஊடாவது தப்பும்."

இது மோசமான வாதமல்ல. இதை நான் சொல்லியிருந்தால் எனக்கே கைதட்டியிருப்பேன்.

வெளிநாட்டுக் காசு என்பதால் ஆய்வுக் குழு அனுமதி தரவேண்டும். ஐந்து பேர். அதில் நானும் ஒருத்தி. மூன்று நாள், துணி தோய்க்கும்போதும் உடுப்புக்கு அயர்ன் பிடிக்கும்போதும் ஒரே ஒரு கேள்வியை மனதுக்குள் தீட்டிக்கொண்டிருந்தேன். தீட்டத்தீட்ட அது பளபளவென்று வந்தது. இவ்வளவு நல்ல கேள்வி என் அறிக்கையில்கூட ஒன்று இருந்ததில்லை.

கூட்டத்தில் அவள் படங்காட்டவில்லை. தலையில் போடுகிற மேலதிகச் சால்வை ஒன்றை எடுத்து, வாப்பா செய்ததுபோல வலதுக்கும் இடதுக்கும் ஆட்டிக் காட்டினாள். பார்க்கிறவன் வேறு, இழுக்கிறவன் வேறு, நடுவில் இருக்கிற இந்தச் சீலைதான் என் ஆய்வு என்றாள். வயதான பேராசிரியர்கள் சிரித்துத் தலையாட்டினார்கள். மூன்று நிமிடத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நான் கையைத் தூக்கினேன்.

"உங்களிட்ட ஒரேயொரு கேள்வி" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை நீங்கள் என்றேன். "மீன்காரனுக்கு மூன்று சொல் குடுத்தீங்க. போகலாம், பொறு, திரும்பு. சிப்பாய்க்குக் குடுக்கப்போற மூன்றாவது சொல் என்ன?"

அவள் பதிலுக்கு வாயெடுக்கும் முன்பே அடுத்ததையும் கேட்டேன்.

"அந்தச் சொல்லை யாருட உம்மாட குரல்ல பதியப் போறீங்க?"

அவள் கையிலிருந்த சால்வையை மடித்து மேசையில் வைத்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. சுனாமி நாளின் சீலைக் கதை தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். எந்த இடத்தில் குத்தினால் நோகும் என்று தெரிந்தேதான் குத்தினேன்.

"அத... நான் இன்னும் யோசிக்கல்ல" என்றாள்.

அனுமதி கிடைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் நிர்வாகி ஒருவர் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். "ஒங்கட பொஞ்சாதி கேட்ட கேள்வி ஊரெல்லாம் கதையாக் கெடக்கு. ஈமானுள்ள மனுசி, மாஷா அல்லாஹ்." பக்கத்து வீட்டிலிருந்து வட்டலப்பம் வந்தது. மாணவர்கள் எழுந்து நின்றார்கள். செக் பொயின்ட்டுகளில் இறங்கி நடந்த காலத்தையும், ஆமிக்காரர் வீட்டு அலுமாரியைக் கொட்டிச் சோதித்த காலத்தையும் மறக்காத ஒருத்தி இருக்கிறாள் என்று ஆட்கள் சொன்னார்கள். நான் வட்டலப்பத்தைச் சாப்பிட்டேன். நல்ல இனிப்பு. ஏதாவது ஓர் இடத்தில் தொண்டையை அடைக்கும் என்று எதிர்பார்த்தேன், அடைக்கவில்லை.

அந்தக் காசை வாங்குவது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான், இப்போதும் சொல்வேன். அந்தக் கடிதம் என் பெயருக்கு வந்திருந்தால் அது என் மூளையில் உதித்தே இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

அடுத்த கிழமை ஒருநாள், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எழும்புகிறேன், வாசலில் அவளுடைய ஸ்கூட்டர். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து அதற்கான பதில்களை வரிசையாக எடுத்து வைத்தேன். அவள் மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே குசினிக்கு வந்து, தேங்காய் துருவுகிற பலகையில் குந்தினாள்.

"ராத்தா, ஒரு கிழமையா எனக்கு நித்திரையில்ல."

நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன்.

"அவங்க திரும்ப எழுதியிரிக்காங்க. எங்கட குழு வேணாமெண்டாலும் பரவாயில்லையாம், அங்க வந்து அவங்கட பல்கலைக்கழகத்திலேயே செய்யட்டாம். பட்டமும் அங்கயே. படகுக்கும் காசு குடுப்பாங்களாம். நான் மட்டும் ஓமெண்டாச் சரி. நாளைக்குள்ள சொல்லோணும்."

ஐந்து பேரை வைத்து நான் மூடிய கதவுக்குப் பக்கத்திலேயே இவளுக்கு இன்னொரு கதவு, இதைவிடப் பெரிதாக.

"அந்த மூணாவது சொல்ல நான் தேடித்தேடிப் பாத்தன், ராத்தா. நில்லெண்டு போட்டுப் பாத்தன். பாரெண்டு போட்டுப் பாத்தன். என்னத்தப் போட்டாலும் கடைசியில வாப்பாட சீலையப்போலத்தான் முடியிது. மேல நிக்கிறவன் ஒண்ட நெனச்சு ஆட்டுவான். கீழ நிக்கிறவன் வேறொண்ட நெனச்சு ஓடுவான். நீங்க கேக்காட்டி எனக்கு இது விளங்கியே இரிக்காது."

அவள் கண் கலங்கியிருந்தது. என் மேல் கோபமே இல்லை. தேடிப் பார்த்தேன், ஓர் இழைகூட இல்லை.

"வேல போயிரும். உம்மா அழுறா. படகுக்காரங்களுக்கு என்ன சொல்ற எண்டும் தெரியா. அதான் ஒண்டே ஒண்டு கேட்டிட்டுப் போக வந்தன். இந்தக் கடிதம் ஒங்கட பேருக்கு வந்திருந்தா, நீங்களும் வேணாமெண்டுதானே எழுதியிருப்பீங்க?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தனியாக நிற்கப் பயந்து, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமென்று கேட்டாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லை புள்ள, எனக்கு வந்திருந்தால் பறந்து போயிருப்பேன், உன்மேல் எரிச்சலில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன், இப்போது நீயாக யோசித்து முடிவெடு என்று சொல்லியிருந்தால் போதும். அந்தக் கிழமையிலேயே இரண்டு தடவை நான் அந்த நிதியத்தின் இணையப் பக்கத்துக்குப் போய், அடுத்த விண்ணப்பம் எப்போது கோருவார்கள் என்று பார்த்திருந்தேன்.

"ஓம்" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். மடிக்கணினியை மடியில் வைத்துத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். நான்கே வரிதான் எழுதினாள். ஆங்கிலம் சரியா என்று பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். தன்னால் இதை ஏற்க முடியாமலிருக்கிறது, வருந்துகிறேன் என்று எழுதியிருந்தாள். முடியாமலிருக்கிறது என்பதை எடுத்துவிட்டு, விரும்பவில்லை என்று போட்டேன். அப்படி எழுதினால்தான் அவர்கள் மறுபடியும் கேட்கமாட்டார்கள். வருத்தத்தையும் எடுத்துவிட்டேன்.

அவள் வாசித்துப் பார்த்தாள். "ஓம், இதான் சரி" என்றாள். விரலைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனவள், மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"எனக்குக் கை போகுதில்ல. நீங்க அழுத்துங்க, ராத்தா."

அழுத்தினேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நானும் சொன்னேன், மனம் நிறைந்து.